பஜார் ரோட்டு உத்தரவு

நகராட்சித் தலைவர் ஆவுடையப்பனின் கார் ஒருநாள் சைக்கிள்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரவேண்டியதாகிவிட்டது. பொறுப்பாரா மனுஷன்? இந்த நிமிஷம் முதல் பஜார் ரோட்டில் சைக்கிள் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

இருபது வருஷமாய்ச் சைக்கிளில் தபால் சுமக்கும் பியூன் மாரிக்கனியிடம் அதை நீட்டினார்.

"ரோட்டுக் கடைசியிலே கலெக்டர் ஆபீஸ். பத்து மணிக்குள்ளே அவர் கையிலே இருக்கணும்."

"சைக்கிளை எடுக்கலாமா ஐயா?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"சட்டம்னா எல்லாருக்கும்தான்! என் கார்லே ஏறு, நானே வர்றேன்."

ரோடெல்லாம் லாரியும் காருமாய் நெரிசல்; அரை மணி நேரத்தில் கார் நாலு கடைதான் தாண்டியது. உத்தரவு இன்னும் தெரியாத மீன்காரரின் சைக்கிள்கூட மணியடித்துக்கொண்டு முந்திப் போனது. மணி ஒன்பதே முக்கால். தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இறங்கு! ஓடிப்போய் உன் சைக்கிளை எடு!"

"சட்டம்னா எல்லாருக்கும்தானே ஐயா? ரோட்டோட இடது ஓரம் சைக்கிளுக்குன்னு மாத்தி எழுதிக் கொடுங்க, பறக்கிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். மாரிக்கனி பறந்தாள்.

பத்தேகாலுக்குத் திரும்பி வந்தாள். கார் ஐந்தாவது கடை வாசலில் நின்றது. சன்னலோரம் மணியடித்தாள்.

"கொடுத்துட்டேன் ஐயா. கலெக்டர் உங்களைக் கேட்டார். ஐயா கார்லே வர்றாங்க, லேட்டாகும்னு சொல்லிட்டேன்."