வெள்ளச்சியின் கழுத்துப்பட்டை

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. பெயர் பர்வதவர்த்தினி. தகரக் கூரை போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஆடு, மாடு, நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

பிழைக்காது என்று தெரிந்துபோன ஒரு காளையின் நெற்றியில் கை வைத்தபடி அவர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததைக் கோமதிநாயகம் ஒரு நாள் பார்த்தார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவார். ஏதாவது கேட்பார். சில நாள் பதில் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

நாய்ப் பண்ணைகளை ஆய்வு செய்து உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். தாய் நாய்க்கு வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வயதான பிறகு கூடவே கூடாது என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தன் காலத்தில் ஒரு புகாரும் நிலைத்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது மேசையில் ஒரு வெள்ளை நாய் கிடந்தது. மயக்க ஊசி போட்டிருந்தது. முலைகள் தொங்கி, விலா எலும்புகள் எண்ணுகிற மாதிரி தெரிந்தன.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி. கேட்டுக்கிட்டே இது தலையப் பிடிங்க."

பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் கெடுதல் செய்யாம இருந்தாப் போதும்தானே? அதுக்கு மேல மனுஷன் என்ன செய்யணும்?"

பர்வதவர்த்தினி கத்தியை எடுத்தார். வயிற்றைத் திறந்தார். நாற்றம் அறை முழுக்கப் பரவியது. கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையை மட்டும் எடுக்கவில்லை.

"ஈனும்போதே கருப்பை கிழிஞ்சிருக்கு. ஏழு குட்டி வெளிய வந்திருச்சாம். ரெண்டு உள்ளயே செத்துக் கெடக்கு."

"தைக்க முடியாதா?"

"ஊறுன காகிதம் மாதிரி இருக்கு. ஊசி போட்ட இடமெல்லாம் பிய்யுது."

"ஏன் அப்படி ஆச்சு?"

"ஒவ்வொரு பருவத்துக்கும் விடாம சேத்துவிட்டிருக்காங்க. ஒரு ஈத்துப் புண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்தது. உடம்புதானே அண்ணாச்சி, எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அரை மணி நேரத்தில் கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுவிட்டது. அது நின்றதை அவர்தான் முதலில் அறிந்தார்.

பர்வதவர்த்தினி நாயின் கழுத்துப்பட்டையை அவிழ்த்து அவரிடம் நீட்டினார். தோல் பட்டை. நடுவில் ஒரு பித்தளைத் தகடு.

"படிங்க."

"வெள்ளச்சி." நம்பரையும் படித்தார். "இத எனக்குத் தெரியுமே. தங்கமாரி பண்ணை. வருஷா வருஷம் பாக்கேன். நாளைக்குக்கூட அங்க ஆய்வு இருக்கு. போன வாரமே கடுதாசி போட்டாச்சு. சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா மரியாதை இல்லை பாருங்க."

"வெள்ளச்சிக்கு என்ன வயசு?"

"நாலு."

"போன வருஷம்?"

யோசித்தார்.

"நாலு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

கோமதிநாயகம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பர்வதவர்த்தினி நாயின் உதட்டை விலக்கிக் காட்டினார். பல்லெல்லாம் தேய்ந்து ஈறோடு ஒட்டியிருந்தது.

"எட்டுக்குக் குறையாது. நீங்க இவளைப் பாத்திருக்கீங்களா?"

"குட்டிகளைப் பாப்பேன். தூக்கிக் கொஞ்சிட்டுத்தான் வருவேன். தாய உள்ள கட்டிப்போட்டிருப்பாங்க. பிள்ளை பெத்த நாய், கிட்டப் போனா கடிக்கும்னு சொல்லுவாங்க. பட்டையக் கழத்தித் தாம்பாளத்துல வச்சுக் கொண்டாருவாங்க. நான் நம்பரை எழுதிக்கிடுவேன்."

"தாம்பாளத்துலயா?"

"ஒரு மரியாதைக்கு."

இந்தத் தாம்பாள வழக்கம் அந்தப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றிலும் உண்டு. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. அவர்கள் நல்லா இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பட்டைய நல்லாப் பாருங்க" என்றார் பர்வதவர்த்தினி.

பார்த்தார். வரிசையாக இருந்த துளைகளில் மூன்று மட்டும் தேய்ந்து அகலமாகியிருந்தன. ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி. ஒரே கழுத்து அப்படிப் பெருத்துச் சிறுக்காது.

"இந்த மேசையில வெள்ளச்சி சாகுறது இது மூணாவது தடவை. ஒண்ணு செத்தா பட்டை அடுத்ததுக்குப் போகும். பேரும் கூடவே போகும்."

கோமதிநாயகத்துக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"இத்தனை செவ்வாய்க்கிழமை வந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பர்வதவர்த்தினி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டாவது வெள்ளச்சி செத்த அன்னைக்கே உங்க ஆபீசுக்கு எழுதினேன். இது வந்த பதில்."

இரண்டே வரி. 'புகார் தொடர்பாகப் பண்ணை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வெள்ளச்சி என்னும் பெண் நாய் நல்ல உடல்நலத்துடன் உள்ளது.' கீழே இருந்தது கோமதிநாயகத்தின் கையெழுத்து. சுழியெல்லாம் அழகாக இருந்தது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பர்வதவர்த்தினி வெளியே போனார். யாரோ ஒரு பெரியவரின் குரல் தணிந்து கேட்டது. திரும்பி வந்து, ஒரு சாக்கை எடுத்து நாயின் மேல் போர்த்தினார். போர்த்துகிறபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. பிறகு குழாயடியில் நின்று கையைக் கழுவத் தொடங்கினார்.

கோமதிநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"டாக்டரம்மா, நான் இப்ப என்ன செய்யணும்?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெளிய அந்தப் பண்ணை டிரைவர் நிக்காரு. நாயக் கொண்டுபோக வரலை. நாளைக்கு ஆய்வு இருக்காம், பட்டைய மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அது உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி."