தோணிக்கு ஓர் ஆள்

இந்தக் கதையில் ஆசானைவிடச் சீடனுக்கு இருபது வயது கூடுதல்.

சீடனின் பெயர் லியோன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசானின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனிகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு மாதிரிக் கப்பல் செய்து கொடுப்பவள். அவளை அவர் "ஆசானே" என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அது கேலியாக இருந்தது. ஒரு நாள் அவர் அறைந்த ஆணிகளை எல்லாம் அவள் பேசாமல் பிடுங்கிப் போட்டாள். அதன் பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

லியோன் தனியாகச் செய்து முடித்த முதல் வேலை, ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு தோணி. அவருடைய அத்தான் ரொசாரியோ தண்டலாக, அதாவது மாலுமிகளுக்குத் தலைவராக இருந்து கொழும்புக்கு ஓட்டிய சரக்குத் தோணியின் மாதிரி. அத்தான் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. அக்கா சலேத்தம்மாள் வீட்டைக் காலி செய்துவிட்டு, கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறாள். அங்கே கடல் கிடையாது. தோணியாவது கூடப் போகட்டும் என்று தம்பிக்கு ஆசை.

அக்கா தோணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏல, ஆளில்லாத தோணியைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வைக்கியே. ஆளில்லாம கரைக்கு வந்த தோணியை நீ பார்த்ததில்லையா? எடுத்துட்டுப் போ."

லியோனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடற்கரையில் அதைவிடக் கெட்ட காட்சி வேறு கிடையாது.

அன்றிலிருந்து ஆள் தேடினார். அந்தத் தோணியின் அளவுக்கு ஆள் கட்டைவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கலாம். முதலில் பொம்மை ரயிலுக்கென்று விற்கிற மனிதர்களைத் தபாலில் வரவழைத்தார். எல்லாரும் ஓவர்கோட் போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு எதற்கோ காத்து நின்றார்கள். உயரமும் கொஞ்சம் அதிகம். ஒருவனுடைய பெட்டியை வெட்டி, காலைத் தேய்த்து, தோணியில் நிறுத்தினார்.

"யாருல இந்த வெள்ளைக்காரன்?" என்றாள் அக்கா. "முட்டிக்குக் கீழ ஒண்ணையும் காணோம். சுறா கடிச்சிருச்சா?"

அடுத்து, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பொம்மைகளில் ஆகச் சிறிய இடையனைத் தேடிப் பிடித்தார். தோளில் கிடந்த ஆட்டைப் பக்குவமாகச் செதுக்கி எடுத்தார். தலைப்பாகைக்குப் புதுச் சாயம் பூசினார்.

"இவன் பெத்லகேம்காரன்ல. ஆட்டை என்ன பண்ணினே?"

கடைசியில் லியோன் தானே செதுக்க உட்கார்ந்தார். வேப்பங்குச்சியில், லென்ஸ் வைத்துக்கொண்டு செதுக்கியதில் அத்தானின் மீசைவரைக்கும் வந்துவிட்டது. அக்கா அந்த ஆளை உள்ளங்கையில் நிறைய நேரம் வைத்திருந்தாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவுக இல்லை."

லியோன் தோணியைத் தூக்கிக்கொண்டு ஆசானிடம் போனார்.

"ஆசானே, தோணிக்கு ஒரு ஆள் வேணும். எங்கே கிடைப்பான்?"

"அந்த ஆளை அடையாளம் தெரிஞ்சவங்க யாரு?"

"அக்காதான்."

"அப்போ கடைக்கு எதுக்குப் போனீங்க, அண்ணாச்சி?"

பட்டறையைப் பூட்டிக்கொண்டு அவளும் கூடவே வந்தாள்.

அக்கா வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது. ஜெசிந்தா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடிக்கும்வரை தோணியைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு கேட்டாள்.

"பெரியம்மா, தோணி வருதுன்னு தெரிஞ்சா கரைக்குப் போவீங்களா?"

"போகாம? முதல் ஆளா நிப்பேன்."

"பெரியப்பா தோணியில எந்தப் பக்கம் நிப்பாக?"

"யாருக்குத் தெரியும்? அவ்வளவு தூரத்துல எல்லாத் தலையும் மிளகுதான்."

"மீசைகூடவா தெரியாது?" என்றார் லியோன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ கிரேன் உச்சியில இருந்த ஆளு."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பின்னே, பெரியப்பா வந்திருக்காகன்னு எப்படித் தெரியும்?"

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டு லியோன் பார்த்ததில்லை.

"கரை தெரிஞ்சதும் அவுக குளிச்சிருவாக. மத்தவனுக அழுக்கும் வேர்வையுமா அப்படியே இறங்கி வருவானுக. இவுக, மிச்சம் பிடிச்சு வச்ச நல்ல தண்ணியில குளிச்சு, இடுப்புல கட்டியிருந்த சாரத்தையும் அலசிக் கயித்துல போட்டிருவாக. ஊதாச் சாரம். அது கண்ணுல பட்டா நான் அங்க நிக்க மாட்டேன். ஓடியாந்து உலை வச்சிருவேன்."

"இதை நீ சொன்னதே இல்லையே, அக்கா."

"புருஷன் குளிச்ச கதையைத் தம்பிகிட்டச் சொல்லுவாங்களாக்கும்."

ஜெசிந்தா பையைத் திறந்தாள். தோணியில் நின்ற மீசைக்காரரை இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்தாள். அவ்வளவு சின்ன அளவில் துணி தகரம் மாதிரி விறைத்து நிற்கும். அதனால் மெல்லிய தாளில் நகத்தளவு கிழித்து, ஊதா பூசி, பசை கலந்த தண்ணீரில் நனைத்தாள். பாய்மரத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு நூலைக் கட்டி, அதில் தாளைத் தொங்கவிட்டாள். ஈரத்தில் தாள் தொய்ந்தது. ஊசிமுனையால் அதை ஒரு பக்கமாகத் தள்ளினாள், காற்று அடிப்பதுபோல.

அக்கா எழுந்து, எதிர்ச் சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய் நின்று பார்த்தாள். அந்தத் தூரம் போதவில்லை போலிருக்கிறது. கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு, வெயிலிலிருந்து வீட்டுக்குள்ளே பார்த்தாள்.

லியோன் தோணியை மறைக்காமல் ஒதுங்கி நின்றார்.

"ஏல லியோனு," என்று தெருவிலிருந்து குரல் வந்தது. "அதை லாரியில ஏத்திராதே. என் மடியில வச்சுக் கொண்டுபோறேன்."

லியோனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் செதுக்கிய ஆள் மேசையில் மல்லாந்து கிடந்தார். தோணியில் ஒருவரும் இல்லை. அக்கா காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"ஆசானே, இது இப்பவும் ஆளில்லாத தோணிதானே?"

ஜெசிந்தா பசை டப்பாவை மூடினாள். லியோன் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். பாய்மரத்துக்குப் பின்னால் பார்த்தார். தொங்குகிற சாரத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

அவள் லென்ஸின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"அண்ணாச்சி, அங்க ஒருத்தர் குளிச்சுக்கிட்டு இருக்காக."