ஆமையார் சொல்லாதது

அந்தக் காலத்தில் ஆமைக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாது. கழுத்தை நீட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஊர்ந்து போவார், எதிரே வருகிறவர்களையெல்லாம் நின்று நலம் விசாரிப்பார். புழு பூச்சி முதல் எல்லா உயிரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிலந்தி ஒரு வேலை செய்தது. புளியமரத்திலிருந்து பனைக்கு, பனையிலிருந்து வேலிக்கு, அங்கிருந்து வயல் வரப்புக்கு என்று ஏரியைச் சுற்றி ஒரே வலையாகப் பின்னிவிட்டது. இழையைப் பிடித்துக்கொண்டு சேதி சொன்னால் அடுத்தவருக்குக் கேட்கும். அவருக்குப் பிடித்தால் அதற்கும் அடுத்தவருக்குப் பகிர்வார். பிடிக்காவிட்டால் இழையை விட்டுவிடுவார், சேதி அங்கேயே செத்துப்போகும். ஒரே ஒரு வழக்கம்தான்: முதலில் பெயர், பிறகுதான் சேதி. கடைசியில் பாதிப் பேர் பெயரை மட்டும்தான் கேட்டார்கள்.

ஆமையார் பெயர் வந்தால் போதும், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். அவர் பெரிய சிந்தனையாளர். ஒரு கேள்விக்கு மூன்று நாள் யோசிப்பார், நாலாம் நாள் ஒரு வரி சொல்வார். அந்த ஒரு வரியை வலை முழுக்க ஒரு வாரம் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

வயல் நண்டு வடிவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குஞ்சுகளை வயிற்று மடிப்பில் சுமந்துகொண்டு, ஏரிக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்தாள். அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஒரு காலையில் வளையின் பின்சுவர் கசிந்தது. தொட்டுப் பார்த்தால் மண் கூழாகியிருக்கிறது. நிரம்பிய ஏரி, அவள் தோண்டிய வளை வழியாகவே கரையை அரிக்க ஆரம்பித்திருந்தது. கரை போனால் கீழே இருக்கிற எலிகள், முயல்கள், தவளைகள் எல்லாரும் போவார்கள். அவளுடைய குஞ்சுகளும்தான்.

தன் வளையால் வந்த வினை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடிப்போய் இழையைப் பிடித்து நண்டு வடிவு பேசுவதாகச் சொன்னாள். அதற்குள் தவளை இழையை விட்டுவிட்டது. இரண்டாம் முறை எலி கொட்டாவி விடுவது கேட்டது. மூன்றாம் முறை, பக்கவாட்டில் நடக்கிறவளுக்கு நேராக என்ன தெரியும் என்று யாரோ சிரித்தார்கள்.

மடிப்பில் குஞ்சுகள் நெளிந்தன. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. நாலாம் முறை இழையைப் பிடித்தாள். தொண்டையைக் கனைத்துக் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

"ஆமையார் பேசறேன். நண்டு வளை பக்கம் கரை உடையப் போகுது. ஆளுக்கு ஒரு வாய் மண் எடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான். எலிகள் மண்ணோடு வந்தன, நாரைகள் வைக்கோலோடு வந்தன, எருமைகள் வந்து மிதித்து மிதித்துக் கெட்டியாக்கின. உச்சிப்பொழுதுக்குள் கரை கல்லாகிவிட்டது. எல்லாரும் சேறும் சகதியுமாக ஆமையாரை வாழ்த்திக் கூத்தாடினார்கள். ஒரு மூலையில் வடிவும் ஆடினாள்.

இத்தனையையும் புளியமரத்துக் காக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளே வலையில் ஒரு சேதி வந்தது: "ஆமையார் பேசுகிறேன். காய வைத்த கருவாடு காக்கைக்கே சொந்தம்." அந்தத் தந்திரம் காக்கையிடமிருந்து மற்ற குறும்பர்களுக்கும் தொற்றியது. எழுந்ததும் மூன்று குட்டிக்கரணம் போட்டால் ஆயுள் கூடும் என்று ஆமையார் பெயரில் குரங்கு சொன்னது. வேலிக்கு வெளியே வாழ்வதே வாழ்க்கை என்று, அதே பெயரில், கோழிகளுக்கு நரி சொன்னது.

ஆமையார் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கழுத்தை நீட்டினால் ஒரு கூட்டம். குட்டிக்கரணத்தில் இடுப்பு பிடித்துக்கொண்ட முயல் மருந்து கேட்டது. பாதி வேலியைப் பிரித்துவிட்டேன், மீதியையும் பிரிக்கட்டுமா என்று கோழி கேட்டது. அவர் பதறிப்போய், முதலில் அந்தப் பாதியைக் கட்டச் சொல்லி அனுப்பினார்.

கூட்டம் கலைந்ததும் வடிவு வந்து நின்றாள். "இதை ஆரம்பிச்சு வெச்சதே நான்தான் ஐயா. என் பேருல மூணு தடவை சொன்னேன், யாருமே கேக்கலை. கரையில ஓட்டை போட்டதும் என் வளைதான்" என்றாள்.

ஆமையார் அவளை உற்றுப் பார்த்தார். "நானா இருந்தா மூணு நாள் யோசிச்சிருப்பேன் தாயி. அதுக்குள்ள ஊரே போயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஓடு குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தானே போய் இழையைப் பிடித்தார்.

"ஆமையார் பேசறேன். கரையைக் காப்பாத்தினது நான் இல்லை, நண்டு வடிவு. கருவாடு, கரணம், வேலி, எதுவும் நான் சொன்னதில்லை."

வலை முழுக்க ஒரே சிரிப்பு. எவனோ ஆமையார் பெயரில் கதை விடுகிறான் என்றது தவளை. ஆமையாரை எனக்குத் தெரியாதா, அவர் இவ்வளவு புரிகிற மாதிரி பேசவே மாட்டார் என்றது எலி. இழைகள் ஒவ்வொன்றாக விடுபட்டன.

ஆமையாரும் இழையை விட்டார். தூரத்தில் அடுத்த கூட்டம் வரும் காலடிச் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்று தொடங்கியதுதான், யார் பக்கத்தில் வந்தாலும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வது. வந்தவர்கள், ஆழ்ந்து யோசிக்கிறார் போல என்று பயபக்தியோடு விலகிப் போகிறார்கள். அவர் உள்ளே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பது இன்றுவரை நண்டுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?