மன்னரின் கடைசிப் புலி

ராஜா என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருந்தே தீரும். சிலருக்கு யானை, சிலருக்கு யுத்தம். மாந்தோப்புக் கோட்டையை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்கு ஆடுபுலி ஆட்டம். நாட்டுக்கு இதனால் செலவு குறைவு என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. ராஜாவுக்குத்தான் ஒரு மனக்குறை. அவை ஆலோசகர் கூத்தப்பரை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கூத்தப்பரும் ராஜாவாயிற்றே என்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

ஒருநாள் அவைக்கு மணிமார்பன் என்ற வணிகன் வந்தான். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. திறந்தால் ஆட்டப் பலகை, உள்ளேயே காய்கள்.

“மகாராஜா! இது மாதச் சந்தாப் பெட்டி. பல்லக்கில் போகும்போதும் ஆடலாம், படுத்துக்கொண்டும் ஆடலாம். என்னிடம் நூறு வகை ஆட்டம் உண்டு. அமாவாசையன்று உச்சிவேளை மணி அடித்ததும் பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு புது ஆட்டம் தருவேன். சலிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை!”

ராஜா சொக்கிப்போனார். மந்திரிகள் அவருக்கு முன்பே சொக்கிப்போயிருந்தார்கள், ஆளுக்கொரு பெட்டி இனாமாகக் கிடைத்திருந்ததால். மணி அடித்த பிறகும் பெட்டி மாறாவிட்டால், கொடுத்தவன், வைத்திருப்பவன் இருவருக்கும் பத்துக் கசையடி என்று, தன் வாக்குக்கு உறுதியாக வணிகன் கேட்டபடியே ஆணை பிறந்தது. ராஜாவே முத்திரை குத்தினார்.

மணிமார்பனுக்கு அது போதவில்லை. கடை போடக் கோயில் முன்மண்டபத்தைக் கேட்டான். அந்த மண்டபத்துக் கல்தரையில் எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிவைத்த ஆடுபுலிக் கோடுகள் இருந்தன. ஊரின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அங்கேதான் ஆடுவார்கள். ஆட்டம் முடியாமல் எழுந்து போனால், காய்களை அப்படியே வைத்து ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவார்கள். அந்தத் துணியை ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

“தரையைக் கொத்திச் சமன் செய்து கொடுங்கள், மகாராஜா.”

“அமாவாசைக்கு மறுநாள் கொத்திவிடலாம்” என்றார் ராஜா.

செய்தி கேட்டு உப்பு விற்கும் வேலாத்தாள் அவைக்கு ஓடிவந்தாள். அந்த மண்டபத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

“ராசா, கல்லைக் கொத்திராதீங்க! எனக்கும் குயவர் முத்தாண்டிக்கும் ஆட்டம் பாதியில நிக்குது.”

“பைத்தியக்காரி! ஒரு ஆட்டம் போனால் என்ன? நூறு ஆட்டம் வருகிறதே!”

“நூறு எனக்கு எதுக்குங்க? எனக்கு அந்த ஒண்ணுதான் வேணும்.”

“என்ன அடம் பாருங்கள்!” என்று ராஜா சிரித்தார். மந்திரிகளும் சிரித்துவைத்தார்கள். வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூத்தப்பருக்கு இது பிடிக்கவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பழமொழி கேட்டுத் திருந்திய ராஜாவை அவர் இதுவரை பார்த்ததில்லை. அமாவாசைக்கு நாள் எண்ணத் தொடங்கினார்.

அமாவாசையன்று காலை அவர் அரண்மனைக்குப் போனார்.

“மன்னா, இந்த மாதம் தங்கள் பெட்டியில் ஆடுபுலிதானே? ஒரு கை பார்க்கலாமா?”

ராஜாவுக்கு ஆடுகள், கூத்தப்பருக்கு மூன்று புலிகள். அன்றைக்கு என்னவோ அந்தப் புலிகளுக்கு ஒரே சோம்பல். ஒரு புலி அசைய வழியில்லாமல் மாட்டியது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவதும் மாட்டியது. ராஜா மீசையை முறுக்கினார். கூத்தப்பர் தாடியைத் தடவினார், கொட்டாவி விட்டார், ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு மூன்றாவது புலியைப் போயும் போயும் ஒரு மூலைக்கு நகர்த்தினார். அங்கிருந்து வெளியேற ஒரே வழி. அதையும் அடைத்துவிட்டால் ஜெயம் ராஜாவுக்கு!

ராஜா பலகைமேல் குனிந்தார். ஆட்டுக்காயை எடுத்தார்.

கோயில் மணி அடித்தது.

புதுப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான் மணிமார்பன். பலகையைப் பார்த்தான். ராஜாவின் முகத்தைப் பார்த்தான். மெல்லப் பின்வாங்கினான்.

“எங்கே கிளம்பிவிட்டீர்?” என்றார் கூத்தப்பர். “மணி அடித்தாயிற்று. மாற்றாவிட்டால் உமக்குப் பத்து, மன்னருக்கும் பத்து. கசையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

வணிகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டியைப் படக்கென்று மடித்தான். ஆடும் புலியும் ஒன்றாக உருண்டன.

“ஐயோ, என் கடைசிப் புலி!” என்று ராஜா அலறினார்.

“புது ஆட்டம் தருகிறேன், மகாராஜா! நத்தைப் பந்தயம். ரொம்ப விறுவிறுப்பாக இருக்கும்.”

“நத்தையும் வேண்டாம், நூறும் வேண்டாம்! எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்!”

கூத்தப்பர் கைகட்டி நின்றார். “வேலாத்தாளும் இதையேதான் சொன்னாள், மன்னா. அவள் சொன்னபோது அதற்கு அடம் என்று பெயர்.”

ராஜாவின் முகம் சிவந்தது. கையில் இன்னும் அந்த ஆட்டுக்காய் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டபத்துக் கல்லில் உளி படக்கூடாது என்று அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பரின் கழுத்தில் போட்டார்.

“வாரும் மண்டபத்துக்கு! இன்றைக்கு அந்தப் புலியைக் கட்டாமல் விடமாட்டேன்.”

மண்டபத்தில் வேலாத்தாளும் முத்தாண்டியும் துணியை விலக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

“நீங்க கல்லைக் காப்பாத்திக் குடுத்ததுக்குக் கோடிப் புண்ணியமுங்க, ராசா. ஆனா எங்க ஆட்டம் முடியட்டும். அடுத்தது உங்க முறை” என்றாள் வேலாத்தாள்.

“எப்போது முடியும்?”

“அவசரப்பட்டா அது ஆட்டமாங்க?”

ராஜா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலாத்தாள் ஒரு ஆட்டைப் பார்த்து யோசித்தாள். யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

“கூத்தப்பரே, அதுவரைக்கும் நான் என்னய்யா செய்வது?”

கூத்தப்பர், மணிமார்பனிடம் வாங்கி மடியில் வைத்திருந்த நத்தைப் பந்தயப் பெட்டியை எடுத்துப் பணிவாக நீட்டினார்.

“இதற்காகத்தானே, மன்னா, இதைச் செய்திருக்கிறார்கள்!”