மேலறைத் தடியப்பன்

காட்டாற்றங்கரையில் ஒரு வளை இருந்தது. அதில் வெகுகாலம் வாழ்ந்த கிழக் கீரி பிள்ளைகுட்டி இல்லாமல் செத்துப்போனது. வளை அதன் தங்கை மகள் வெடுக்கிக்கு வந்து சேர்ந்தது. பெயருக்கு ஏற்ற கீரிதான் அவள். எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் தன் பேச்சை முடித்துவிடுவாள்.

வெடுக்கிக்குக் கண் திறக்காத மூன்று குட்டிகள். சொந்த வீடு கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்தாள். வளைக்குள் இரண்டு அறைகள். வாசலை ஒட்டித் தாழ்வாக ஒன்று. அங்கிருந்து குறுகலான வழி ஒன்று மேலேறி இன்னோர் அறைக்குப் போனது. எத்தனை மழை பெய்தாலும் அந்த மேலறையில் ஈரம் ஏறாது. அங்கே காலை நீட்டிப் படுத்திருந்தான் தடியப்பன் என்ற உடும்பு.

"இது இப்போது என் வீடு. நீ காலி பண்ணு" என்றாள் வெடுக்கி.

"உன் மாமன் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு" என்றான் தடியப்பன்.

பேச்சாவது மூச்சாவது! செத்தவர் பெயரைச் சொல்லி யாரும் எதையும் அளக்கலாம் என்று நினைத்தாள் வெடுக்கி. என்ன பேச்சு என்று கேட்கவே இல்லை. தடியப்பனும் லேசுப்பட்டவன் இல்லை. மாமன் இவளிடம் சொல்லாமலா இருந்திருப்பார், தெரிந்தே துரத்துகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று தொடங்கியது சண்டை. தின்று மிஞ்சிய முட்டை ஓடு, அழுகிய நண்டு எல்லாவற்றையும் அவன் கீழறைக்குத் தள்ளிவிடுவான். நாற்றம் குடலைப் பிடுங்கும். போக வரக் குட்டிகளின் தலைக்கு மேலே வாலை வீசிக்கொண்டு நடப்பான். ஏனென்று கேட்டால் சீறுவான். வெடுக்கியும் வாயை மூடவில்லை. விடிந்தால் திட்டு, பொழுது சாய்ந்தால் திட்டு.

இதற்கிடையில் மேற்கே மேகம் கறுத்தது. கீழறைச் சுவரில் பழைய வெள்ளத்தின் வண்டல் கூரை வரைக்கும் படிந்திருந்தது. வெடுக்கி அதைப் பார்த்தாள். மழை வருவதற்குள் குட்டிகளை மேலே ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் போய்விடும்.

அடுத்தவர் வழக்கைத் தீர்ப்பதையே வேலையாக வைத்திருந்த நரியிடம் ஓடினாள். நரி தலையைக் கூடச் சொறியவில்லை.

"வீட்டுக்காரி நீ. குடியிருப்பவனிடம் உனக்கென்ன பேச்சு? வாலைப் பிடித்து இழுத்து வெளியே போடு. நானும் கூட வருகிறேன்" என்றது.

தடியப்பன் இரை தேடக் கீழே இறங்கிய நேரம் பார்த்து இரண்டு பேரும் பாய்ந்தார்கள். அவன் திரும்பி மேலே ஓடினான். குறுகலான வழியில் அவன் வால் அகப்பட்டது. இழுத்தார்கள். உடும்பு இழுத்தால் வருகிற பிராணியா? நகத்தை மண்ணில் ஊன்றினான். மூச்சை இழுத்து உடம்பை உப்பிக்கொண்டான். இழுக்க இழுக்க இன்னும் இறுகினான். வழி முழுக்க அடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. நரியின் காலில் தண்ணீர் பட்டதும், வேறொரு வழக்கு இருக்கிறது என்று சொல்லி அது நழுவிவிட்டது. வெளியே காட்டாறு இரைந்து ஓடியது. வாசல் வழியே வெள்ளம் புகுந்தது. குட்டிகள் கீச்சிட்டன. ஏறித் தப்ப இருந்த ஒரே வழியில் உப்பிய உடும்பு! வெடுக்கி அழுதுகொண்டே இன்னும் பலமாக இழுத்தாள்.

"வாலை விடு" என்று மேலிருந்து குரல் வந்தது.

"விட்டால் நீ மேலே போய்ப் படுத்துக்கொள்வாய்."

"விட்டால்தான் என் உடம்பு இளகும், இறங்க முடியும். மழைக்காலத்தில் மேலறை வீட்டுக்காரருக்கு, மற்ற காலத்தில் எனக்கு. அதுதான் உன் மாமனோடு பேச்சு. தண்ணீர் என்னை ஒன்றும் செய்யாது. முதல் தூறலுக்கே நானாக இறங்கியிருப்பேன்."

நம்புவதா, வேண்டாமா? கடைக்குட்டியின் மூக்குவரை தண்ணீர் வந்துவிட்டது. வெடுக்கி வாலை விட்டாள்.

தடியப்பன் மூச்சை விட்டான். உடம்பு சுருங்கியது. சரசரவென்று அவளைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினான். வெடுக்கி இரண்டு குட்டிகளை மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் கடைக்குட்டியை அவன் மூக்கால் தூக்கிப் பிடித்திருந்தான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாமா" என்று விம்மினாள்.

"முதல் நாளே நீ கேட்டிருக்கலாமே அம்மா" என்றான் தடியப்பன்.

மழைக்காலம் முடிந்து கீழறை காய்ந்தது. யாரும் சொல்லாமலே வெடுக்கி குட்டிகளைக் கீழே இறக்கினாள். தடியப்பன் மேலே ஏறிப் படுத்தான். அழுகிய நண்டு மட்டும் பழையபடி கீழேதான் வந்து விழுந்தது. அதை அவளே தள்ளிக்கொண்டு போய் வெளியே போட்டாள்.

ஒரு வீடு நம் கைக்கு வரும்போது, அதில் இருப்பவரை இழுத்து வெளியே தள்ளுவதற்கு முன்னால், முன்னவர் அவருக்குக் கொடுத்த வாக்கு என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.