உடும்பார் அளந்த வாசல்

ஒரு குளக்கரையில் பெரிய கறையான் புற்று இருந்தது. கட்டியவை கறையான்கள். குடியிருந்தவர்கள் செவ்வாலி என்ற கீரியும் அவள் குட்டிகளும். புற்று என்றால் அப்படித்தானே!

மழையில் புற்று கரையும். கறையான்கள் உடனே பூசிச் சரிசெய்யும். ஒருமுறை அப்படிப் பூசியதில் ஒரு வாசல் குறுகிவிட்டது. அது தெரியாமல் ஓடிவந்த செவ்வாலியின் அக்கா அதில் சிக்கி நரிக்கு இரையானாள். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு உடும்பார் வாசல்களை அளப்பார். அவர் சரி என்று சொல்லும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

அளக்கும் முறை எளிது. உடும்பார் தம் உடம்பை வாசலில் நுழைப்பார். வயிறு உரசாவிட்டால் பழைய அளவு. உரசினால் வாசல் மாறிவிட்டது.

அந்த ஆண்டும் மழை பெய்தது. செவ்வாலி குட்டிகளைக் கவ்விக்கொண்டு புதருக்கு ஓடினாள். மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கூட்டம் கூட்டமாகப் பறந்தது. கறையான்கள் பூசி முடித்தன. உடும்பார் அளக்க வந்தார்.

"போச்சு! வடக்கு வாசல் சுருங்கிப்போச்சு!" என்றார். கிழக்கே போனார். "இதுவும் போச்சு!" தெற்கே போனார். "அதுவும்!"

கறையான்களின் தலைவி கொதித்தாள். "வடக்கையும் கிழக்கையும் நாங்க தொடவே இல்லையே! தெற்கை மட்டும்தான் லேசாப் பூசினோம்!"

"தப்பு செஞ்சவன் எவன் ஒத்துக்கிட்டான்?" என்றார் உடும்பார். "செவ்வாலி, நீ வேற இடம் பார்த்துக்கோ."

மேலே பருந்து வட்டமிட்டது. மேகம் மறுபடி கறுத்தது. புதரில் குட்டிகள் நடுங்கின. செவ்வாலிக்கு அழுகை வந்தது.

"மாமா, அதோ அந்தக் குளக்கரைப் பாறைப் பொந்திலயாவது ஒண்டிக்கலாமா? போன தடவை அதுவும் வாசல்களும் ஒரே அளவுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உடும்பார் பாறைப் பொந்தில் நுழைந்தார். பாதியில் நின்றார். மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்.

"அடடா! பாறையும் சுருங்கிப்போச்சு!"

செவ்வாலியின் அழுகை நின்றது. "பாறை எப்படி மாமா சுருங்கும்?"

"அதைப் பாறையைக் கேளு. என் அளவு தப்பாது!" உடும்பார் பிடித்த பிடியை விடவில்லை. உடும்பு வேறு என்ன செய்யும்!

அப்போதுதான் அவள் அவருடைய வயிற்றைப் பார்த்தாள். "ஈசல் எப்படி இருந்துச்சு, மாமா?"

"அற்புதம்! வாசல் வாசலா உட்கார்ந்து தின்னேன்!"

செவ்வாலிக்குக் கோபம் பொங்கியது. "உங்க அளவும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்!" என்று ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பக்கத்திலிருந்த தெற்கு வாசலுக்குப் பாய்ந்தாள்.

பாதி வழியில் நின்றாள். தெற்கு வாசலுக்குச் சற்றுத் தள்ளி நரி உட்கார்ந்திருந்தது. மிகவும் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அவள் திரும்பிவந்து ஒரு நாணல் குச்சியைப் பாறைப் பொந்தின் அகலத்துக்கு ஒடித்தாள். "இந்தாங்க மாமா. வயித்தை வெளியே வச்சிட்டு இதால அளங்க!"

உடும்பார் முணுமுணுத்தபடி அளந்தார். வடக்கில் குச்சி போனது. கிழக்கிலும் போனது. தெற்கில் போகவில்லை. கறையான் தலைவி வேறு பக்கம் பார்த்தாள்.

செவ்வாலி குட்டிகளை ஒவ்வொன்றாக வடக்கு வாசல் வழியே உள்ளே சேர்த்தாள். நரி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போனது. மழை கொட்டத் தொடங்கியது.

உடும்பார் மட்டும் நனைந்துகொண்டே பாறைக்குப் போய் அங்கும் குச்சியை வைத்துப் பார்த்தார். பிறகு குளத்தைச் சுற்றி உரக்க அறிவித்தார். "எல்லாரும் கேளுங்க! நல்ல செய்தி! பாறை பழையபடி விரிஞ்சிடுச்சு!"

ஊரெல்லாம் மாறிவிட்டது என்று கூவுவதற்கு முன், நம் அளவுகோலை மாறாத ஒன்றின்மேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.