ஐந்து மணிக்குள் ஒரு காரணம்

விமான விபத்து விசாரணையில் பத்மாசனிதான் குரு. சிஷ்யர் இருதயராஜ் அவரைவிட நான்கு வயது மூத்தவர். அதனாலோ என்னவோ, குருவின் மேல் வரும் எரிச்சலை ஒளித்துவைக்கும் பழக்கம் அவருக்கில்லை.

அன்று மட்டும் மூன்றாவது முறையாக அவருடைய அறிக்கை திரும்பி வந்தது.

"இதுல என்னதான் குறை, மேடம்?"

"ஓடுபாதையை விட்டு விமானம் ஏன் விலகிச்சு?"

இருதயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒப்பித்தார். டயர் வெடிக்கவில்லை. பிரேக் இறுகவில்லை. முன்சக்கரம் சொன்னபடி திரும்பியது. காற்று, மழை எதுவும் இல்லை. கிளம்பும்போது என்ஜின் விசைப்பிடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, இரண்டு என்ஜினும் ஒன்றுபோல வேகம் எடுக்கும்வரை பொறுத்து, பிறகுதான் முழுதாகத் தள்ள வேண்டும். கேப்டன் அன்வர்தீன் பொறுக்கவில்லை. வலது என்ஜின் முந்தியது, இடது பிந்தியது, விமானம் இடப்பக்கம் புல்லுக்குள் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"விமானியின் கவனக்குறைவு. ஒரே வரி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த ஒரு வரியில அவரால இனிமே விமானமே ஓட்ட முடியாது. ஏன் பொறுக்கலை?"

"அதை அவரைத்தான் கேக்கணும்."

"கேட்டீங்களா?"

"எங்க மேடம் நேரம்?"

போன் அடித்தது. தலைமை அலுவலகம். இருதயராஜ் எழுந்து நின்று, "அஞ்சு மணிக்குள்ள கண்டிப்பா சார்" என்று சொல்லி வைத்தார். காலையிலிருந்து இது நான்காவது. இந்த அம்மாவிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டார்.

"விமானி அறை ஒலிப்பதிவை எங்கேருந்து கேட்டீங்க?"

"என்ஜின் சத்தம் ஏறுற இடத்துலேருந்து. அதுக்கு முன்னாடி வெறும் பேச்சு."

பத்மாசனி அந்த வெறும் பேச்சை ஓடவிட்டார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் கேட்டது. பின்னால் இன்னொரு விமானம் இறங்கப்போகிறது, சீக்கிரம் கிளம்புங்கள். கேப்டன் சரி என்றார். மறுபடி அதே குரல், மறுபடி சரி. துணை விமானியிடம் கேப்டன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அந்தக் குரல் குறுக்கே வந்தது. பிறகு இன்னும் ஒரு தடவை. கடைசிச் சரியைச் சொன்ன கையோடு என்ஜின் சத்தம் ஏறியது.

மணி நாலரை. இருதயராஜ் பேனாவைத் திறந்தார்.

"சரி, கோபுரத்துத் தப்புன்னே எழுதிடட்டுமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க மேடம். எனக்கு நாலு தடவை போன் வந்தாச்சு."

பத்மாசனி ஒலிப்பதிவை நிறுத்தினார்.

"கேப்டனுக்கும் நாலு தடவைதான் வந்துச்சு, சார்."

போன் மறுபடி அடித்தது. இருதயராஜ் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.